மெமரி கார்டு காத்த படலம்

வாழ்க ஜியாவுல்லா! ஆம்பூர் ஈன்ற அரிமா, தோல் கம்பெனியின் ஃபினிஷிங் செக்‌ஷன் என்னும் கோட்டையின் காவலன், காக்னாக் நிறத்துக்கும் டேன் நிறத்துக்கும் இடையே கிடக்கும் மயிரிழை எல்லையில் நின்று தோல் வாங்கும் கடல்கடந்த பையர்களின் ஐயமெல்லாம் தீர்த்த நிறமறி செம்மல், அம்பரீனின் கணவன், சுண்டுவிரல் நகத்தினும் சிறியதொரு கரிய சில்லின் பொருட்டு ஒரு கல்யாணப் பந்தியையே மெல்லாமல் நிறுத்திவைத்த மாவீரன்! அவன் புகழைச் சொல்லப் புகுந்த இந்த எளிய நாவுக்கு, கேட்பவர்களே, உங்கள் பொறுமை துணையாகட்டும். உங்கள் போனில் உள்ள சார்ஜ் உங்களுக்குத் துணையாகட்டும்.

அவ்வீரன் கையிலிருந்த போனின் விலாவில் ஒரு தட்டு உண்டு. ஊசியால் குத்தினால் நாக்கை நீட்டும் அந்தத் தட்டில் இரண்டே இருக்கைகள். முதல் இருக்கை வீட்டு நம்பருக்குரியது. அதில் ஒரு வழக்கும் இல்லை. இரண்டாம் இருக்கையில்தான் உலகத்து வம்பெல்லாம் குடியிருந்தது. அதில் இன்னொரு சிம் அமரலாம், அல்லது மெமரி கார்டு அமரலாம். இரண்டும் சேர்ந்து அமர முடியாது. இரண்டு அரசருக்கு ஒரே அரியணை செய்து அனுப்பிய அந்தத் தச்சன் எந்த நாட்டானோ, அவன் வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை நாற்காலியோ, யாரறிவார்! நெடுங்காலம் அந்த அரியணையில் மெமரி கார்டே வீற்றிருந்து ஆண்டது. பின்னர் ஒருநாள் கம்பெனி ஒரு சிம்மைக் கொடுத்து, "இனிமே இந்த நம்பர்தான், ஆஃப் பண்ணவே கூடாது" என்று ஆணையிட்டது. சோறிடும் கம்பெனியின் சொல்லைத் தட்ட முடியாத ஜியாவுல்லா, நாடிழந்த மன்னனை வழியனுப்புவதுபோல மெமரி கார்டைத் தட்டிலிருந்து எடுத்து, ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் டப்பியில் இட்டு, இதயத்துக்கு மேலே சட்டைப் பையில் குடிவைத்தான்.

அந்த அட்டைமேல் அவனுக்கு ஏன் அத்தனை பாசம் என்று கேட்கத் தோன்றும். முன்பொருமுறை அவன் குனிந்து தோலின் நிறம் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவனுடைய பழைய போன் பையிலிருந்து நழுவி, சாயம் ஏற்றும் ராட்சத டிரம்முக்குள் விழுந்தது. யானை படுத்துப் புரள்வதுபோல் சுழன்றுகொண்டிருந்த அந்த டிரம்மை நிறுத்தி, தோல்களை எல்லாம் வாரி வெளியே போட்டபோது, போன் உயிர் துறந்திருந்தது. ஆனால் எந்தப் பையரும் குறைசொல்ல முடியாத ஒரே சீரான டார்க் பிரவுன் ஷேடில் துறந்திருந்தது. அதன் வயிற்றைத் திறந்து எடுத்த மெமரி கார்டோ, துடைத்து வேறு போனில் போட்டதும் கண்விழித்தது. மகள் முதன்முதலாகத் தத்தித் தத்தி நடந்துவந்து கட்டில் காலில் முட்டிக்கொண்டு வீறிட்ட காட்சி, அந்தச் சாயக் கடலைக் கடந்து வந்து, அப்படியே திரையில் ஓடியது. அன்று டிரம் ஓரத்தில் நின்று அழுதவன், மெமரி கார்டு இல்லாத போனை இனித் தொடுவதில்லை என்று மனதுக்குள் ஒரு பெருஞ்சபதம் ஏற்றான். அம்பரீனிடம் மட்டும் சொன்னான். அவள், "சரி, கை கழுவினு வாங்க, பிரவுனா இருக்குது" என்றாள்.

இனிப் பகைவனைச் சொல்ல வேண்டும். அவன் பெயர் காஷிஃப். அம்பரீனின் தங்கை உமைமாவை மணந்தவன். ஆகவே ஜியாவுல்லாவுக்குச் சகலன். ஷூ ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பையர்களின் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். கண்ணாடிபோல் பளபளக்கும் அவனுடைய போனில் மெமரி கார்டுக்கு இடமே கிடையாது. அதை அவன் குறையாகச் சொல்லவில்லை, குலப்பெருமையாகச் சொன்னான். எடுத்த படமெல்லாம் கிளவுடில் இருக்கிறது என்பான். சித்திரை மாதத்தில் ஒரு பிடி மேகத்தையும் காணாத வேலூர் வெயிலில் வாழ்ந்துகொண்டு, தன் செல்வத்தையெல்லாம் மேகத்தில் வைத்திருந்தவன் அவன் ஒருவனே.

இவ்விருவரும் சந்திக்கும் பண்டிகைகள்தோறும் இந்தப் போர் மூண்டது. காஷிஃப் அம்பு தொடுப்பான்: கார்டு மெதுவானது, அதில் ஆப் ஓடாது, திடீரென்று ஒருநாள் செத்துப் போகும், தொலைந்தால் ஆணிவேரோடு தொலையும், பிளாட்பாரத்தில் வாங்கினால் பெரிய அளவு என்று எழுதியிருக்கும், உள்ளே கால்பங்குகூட இருக்காது. இந்தக் கடைசி அம்பு ஜியாவுல்லாவின் மார்பில் ஆழமாகத் தைக்கும். ஏனென்றால் அவன் அப்படி ஒன்று வாங்கி ஏமாந்தது குடும்பம் முழுவதற்கும் தெரியும். ஆனாலும் அம்பைப் பிடுங்கித் திருப்பி எறிவான்: கார்டுக்கு மாதாமாதம் வாடகை இல்லை, பாஸ்வேர்டு இல்லை, சிக்னல் வேண்டாம், ஒரு போன் செத்தால் இன்னொரு போனில் போய் உட்கார்ந்துகொள்ளும். காஷிஃப் சும்மா இருப்பானா? காட்பாடி ஸ்டேஷன் நெரிசலில் தன் போனைப் பறிகொடுத்ததையும், புதுப் போன் வாங்கி நம்பரைப் போட்டதும் பழைய படமெல்லாம் மழைபோல் இறங்கியதையும், தானே மழை பெய்வித்தவன்போல் விவரிப்பான். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது; அதனால்தான் சண்டை ஓயவில்லை.

அம்பரீனுக்கும் உமைமாவுக்கும் மெஹக் என்று ஒரு கடைசித் தங்கை. அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூர்க்காரர்கள். மண்டபமும் ஆம்பூரிலேயே, ஹைவே ஓரத்தில். பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்த நேரத்தில், இம்மூவரையும் பெற்றவளான ஷஹீன் பானு, மேல்விஷாரத்துத் தன் வீட்டில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். கட்டிலை விட்டு அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவன் காலமான பிறகு மூன்று பெண்களையும் ஒற்றை ஆளாக வளர்த்தவள் அவள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று மகள்கள் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூத்தவ ரெண்டு பேரு நிக்காஹும் கண்ணால பாத்தேன். இவ நிக்காஹ்தான் குடுத்து வெக்கல" என்றாள் சுவரிடம்.

இந்த ஒற்றை வாக்கியம் கட்டிலின் இருபுறமும் நின்ற இரு மருமகன்களின் நெஞ்சிலும் முரசாய் அதிர்ந்தது. காஷிஃப் முந்திக்கொண்டான்.

"இன்னா அம்மா நீங்க! நான் வீடியோ கால் போட்றேன். என் பெரிய ஸ்கிரீன் டேப்ப இங்க வெச்சிட்டுப் போறேன், மோகனாக்கா புடிச்சிக்குவாங்க. நீங்க படுத்துனே லைவ்வா பாக்கலாம்."

மோகனா என்பவள் பக்கத்து வீட்டுக்காரி; கல்யாண நாளில் அம்மாவோடு இருக்க ஒப்புக்கொண்டவள். அவள் தலையசைப்பதற்குள் ஜியாவுல்லா ஓரடி முன்வந்தான். சட்டைப் பையின் மேல் கையை வைத்தான். படை நடத்தும் தளபதியின் குரலில் முழங்கினான்.

"மண்டபத்துல சிக்னல் கெடைக்கிறதே பேஜாரு. லைவ் எல்லாம் ஒத்து வராது. நான் மொத்தத்தையும் ரெகார்ட் பண்ணி, கார்டுல போட்டு, கையில எட்தாந்து உங்களுக்குக் காட்றேன்மா. இது என் வாக்கு."

"வாக்கு இருக்கட்டும். உங்க போன்ல மொதல்ல எடம் இருக்குதா?" என்றாள் அம்பரீன்.

இடம் இல்லை. அந்தப் போனின் உள்வயிறு கழுத்துவரை நிரம்பியிருந்தது. வெள்ளிதோறும் வந்து குவிந்த ஜுமா முபாரக் வாழ்த்துகள் அதில் மலையாய் நின்றன. குடும்ப குரூப்பின் ரோஜாப்பூக்கள் காடாய் வளர்ந்திருந்தன. ஆயிரம் தோல்களின் நிறப்படங்கள் ஒன்றுபோலவே கிடந்தன. யாரோ அனுப்பிய கல்லீரல் மருத்துவக் குறிப்பு ஒன்று பதினேழு பேர் வழியாகப் பதினேழுமுறை வந்து சேர்ந்திருந்தது. அழித்துவிடலாமே என்று அம்பரீன் சொல்லாத நாளில்லை. ஆனால் எதை அழிப்பது? ஜியாவுல்லா அழிக்க உட்காருவான். ஒரு ரோஜாவைத் தொடுவான். அது மச்சான் அனுப்பியது என்று விடுவான். ஒரு தோலைத் தொடுவான். இதே ஷேடை நாளை யாராவது கேட்டால் என்று விடுவான். கடைசியில் ஒரு மங்கலான படத்தை அழித்துவிட்டுப் போரில் வென்றவன்போல் எழுந்துவிடுவான்.

கல்யாண நாள் விடிந்தது. மேல்விஷாரத்திலிருந்து வேன்கள் புறப்பட்டன. மண்டபமோ கொந்தளிக்கும் கடல்! ஒரு திரையால் இரண்டாகப் பிரிந்த அக்கடலின் ஒரு பாதியில் ஆண்கள், மறு பாதியில் பெண்கள். ஒரு பாதியில் அத்தர், மறு பாதியில் மல்லிகை. பின்கட்டிலிருந்து புறப்பட்ட பிரியாணியின் மணம் மட்டும் திரை பாராமல் இரு பாதியிலும் உலவியது. நிக்காஹ் நடத்திவைக்கும் காஜியார் மேடையில் அமர்ந்தார். மாப்பிள்ளை முகத்தில் பூச்சரம் ஆடியது. அப்போது ஜியாவுல்லா போனை உயர்த்தினான். "சேமிப்பிடம் இல்லை" என்றது போன்.

அவன் கலங்கினானா? இல்லை, அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தவன் அவன். கம்பெனிச் சிம்மை இறக்கி, நாடிழந்த மன்னனுக்கு முடிசூட்டும் வேளை வந்தது. ஆனால் தட்டைத் திறக்க ஊசி வேண்டும், ஊசியோ வீட்டில். திரையோரம் ஓடிப்போய், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க முடியாமல், துணியைப் பார்த்துக் கூவினான்.

"அம்பரீன்! ஒரு பின்னு! அர்ஜென்ட்டு!"

திரைக்கு அடியிலிருந்து மருதாணிக் கை ஒன்று நீண்டது. அதன் விரல்களில் துப்பட்டா பின் ஒன்று வெண்வாள்போல் மின்னியது. "திருப்பித் தரணும், இல்லன்னா என் முக்காடு நிக்காது" என்றது அம்பரீனின் குரல். பின்னைப் பெற்றான், குத்தினான், தட்டு நாவை நீட்டியது, கம்பெனிச் சிம் டப்பிக்குள் சிறைபுக, மெமரி கார்டு அரியணை ஏறியது. சரியாகக் காஜியார் வாயெடுக்கும் நேரத்தில் திரையில் சிவப்புப் புள்ளி துடித்தது.

அதே நேரம் அவனுக்கு முன்னே, மேடையை மறைத்தபடி, காஷிஃப் தன் கண்ணாடி போனைத் தூக்கிப் பிடித்து நின்றான். மேல்விஷாரத்துக்குக் கால் போயிற்று. மோகனாவின் நெற்றி தெரிந்தது, பிறகு மாமியார் வீட்டுச் சீலிங் ஃபேன் தெரிந்தது, "ஹலோ, தெரியுதாம்மா?" என்றான் காஷிஃப். அடுத்த கணம் மண்டபத்திலிருந்த அத்தனை பேரும், இடி இடித்ததும் குடை விரிப்பவர்கள்போல், ஒரே நேரத்தில் போனை உயர்த்தி, ஒரே நேரத்தில் லைவ் போட்டார்கள். வானிலிருந்த சிக்னல் எல்லாம் அத்தனை பேரும் அள்ளிக் குடித்ததுபோல் வற்றிப்போயிற்று. காஷிஃபின் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை சம்மதம் சொல்லி "கபூல்" என்றபோதும் சுற்றியது. துஆ ஓதியபோதும் சுற்றியது. பேரீச்சம்பழம் வீசியபோது ஒரு பழம் அவன் தலையில் பட்டுத் தெறித்தது, அப்போதும் சுற்றியது.

வென்றான் ஜியாவுல்லா! முதல் கபூல் முதல் கடைசிப் பேரீச்சம்பழம் வரை ஒரு நொடி விடாமல் கார்டில் இறங்கியது. அவன் உள்ளம் ஆடிப்பெருக்கில் பாலாறுபோல் பொங்கியது; பாலாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று கேட்கக்கூடாது, இது காவியம்.

ஆனால் வெற்றி வீரர்களைக் கெடுப்பது எதிரியின் வாளன்று, அவர்கள் தம் வாய்தான். பந்தியில் உட்கார்ந்தபோது திரைக்கு அப்பாலிருந்து செய்தி வந்தது: மேனேஜர் ராமமூர்த்தி அம்பரீனின் போனுக்கு அழைத்து, கம்பெனி நம்பர் ஏன் கிடைக்கவில்லை என்று குதிக்கிறாராம்; பையர் அந்த நம்பருக்குத்தான் பேசுவாராம். எனவே ஜியாவுல்லா சாப்பாட்டு மேசையிலேயே மறுபடி தட்டைத் திறந்தான். கம்பெனிச் சிம்மை இருத்தினான். வெளியே எடுத்த மெமரி கார்டை டப்பிக்குள் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால் இந்தக் காவியம் இங்கேயே முடிந்திருக்கும்.

வைக்கவில்லை. எதிரே, வாடிய முகத்தோடு காஷிஃப் உட்கார்ந்திருந்தான். ஜியாவுல்லாவின் வலக்கையில் ஏற்கெனவே ஒரு வாய் பிரியாணியின் நெய் மினுங்கியது. அந்த வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அவன் மெமரி கார்டைப் பிடித்தான். வெற்றிக்கொடிபோல் தலைக்கு மேல் உயர்த்தினான். மேசை முழுதும் கேட்க முழங்கினான்.

"பாத்தியா காஷிஃப்? இதுக்குப் பேரு கார்டு! சிக்னல் வேணாம், நெட் வேணாம், கைல இருந்தா இருக்கு, எங்கயும் போவா..."

போயிற்று. நெய்யினால் வழுக்கிய அட்டை விரலிடுக்கிலிருந்து வெட்டுக்கிளிபோல் துள்ளி, ஒரு வளைவு வளைந்து, பரிமாறுபவர் அந்தப்பக்கமாய்ச் சுமந்து வந்த பிரியாணித் தாம்பாளத்துக்குள் விழுந்தது. ஜியாவுல்லாவின் வாய் அசையாமல் நின்றது. பரிமாறுபவரோ எதுவும் அறியாதவராய், தட்டுக்குத் தட்டு கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டே அந்த மேசையைச் சுற்றி வந்துவிட்டார். எல்லார் தட்டிலும் ஆவி பறந்தது. எல்லார் கையும் வாய்க்குப் போயிற்று.

"நிறுத்துங்க!" அந்தக் குரலில் மண்டபத்து அலங்கார விளக்குகள் சிலிர்த்தன. "யாரும் மெல்லாதீங்க!"

ஆம்பூர் பிரியாணி ஆவி பறக்கும் தட்டின் முன்னே ஆம்பூர்க்காரர்களைப் பார்த்து மெல்லாதே என்று சொன்னவன் வரலாற்றில் அவன் ஒருவனே. ஆயினும் நின்றார்கள். கன்னம் உப்பியது உப்பியபடி, கை உயர்ந்தது உயர்ந்தபடி, சிலைக்கூடம்போல் நின்றது அந்த மேசை. நடந்ததைச் சொன்னான். "மாமியாருக்குக் காட்டணும். அவங்களால வர முடியல" என்றபோது குரல் உடைந்தது. அது நடிப்பல்ல. அனைவரும் வாயிலிருந்ததை மெள்ளத் தட்டில் இறக்கிவைத்து, சீரகச் சம்பா அரிசியைப் பருக்கை பருக்கையாய்ப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

கடலுக்குள் முத்துக்குளிப்பவர்களைச் சொல்வார்கள். சோற்றுக்குள் அட்டை குளித்த இவர்களைச் சொல்வார் யார்? "கெடச்சிடிச்சி!" என்று ஒருவர் கத்தினார், அது கிராம்பு. "இதோ!" என்றார் இன்னொருவர், அது கருகிய வெங்காயம். ஏலக்காய்த் தோல் ஒன்று ஜியாவுல்லாவின் நெஞ்சை ஒரு கணம் துள்ளவைத்துவிட்டு ஏலக்காய்த் தோலாகவே மாறிவிட்டது. கத்திரிக்காய்க் குழம்பை ஒருவர் துழாவினார். தயிர் வெங்காயத்தை ஒருவர் வடிகட்டினார். இதற்கிடையே மேசையின் கோடியில், ஓய்வுபெற்ற தோல் வியாபாரி அதாவுல்லா சாகிப் மட்டும் காலித் தட்டோடு அமைதியாய் உட்கார்ந்திருந்தார். பல்செட்டு சரியாகப் பொருந்தாததால் அவர் எதையும் மெல்லாமல் விழுங்குபவர், காதும் மந்தம், நிறுத்தச் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

எல்லார் பார்வையும் மெதுவாக அவருடைய ஷெர்வானியின் நடுப்பகுதிக்குத் திரும்பியது.

"சாகிப், ஏதாவது கெட்டியா தட்டுப்பட்டுதா?" என்று ஜியாவுல்லா அவர் காதருகே குனிந்து கேட்டான்.

அவர் பல்செட்டை நாவால் ஒருமுறை துழாவினார். "ஒரு வாயி கொஞ்சம் கடமுடன்னு எறங்கிச்சி," என்றார். "கறி வேகலபோலன்னு நெனச்சேன்."

இடிந்தான் ஜியாவுல்லா! சாய டிரம்மை வென்று வந்த அட்டை, கிழவரின் வயிற்றிலா முடியவேண்டும்! சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மாமியாரின் முதுகு அவன் கண்முன் வந்தது. வாக்குக் கொடுத்தவன் அவன். வாய் ஓயாமல் பேசியவனும் அவனே. இப்போது என்ன சொல்லி அந்த வீட்டுப் படியேறுவது? எச்சில் கையைத் தட்டின்மேல் வைத்தபடி, சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் நம்பமாட்டார்கள்.

அந்நேரம் எதிரே காஷிஃப், கவலையில் கை என்ன செய்கிறது என்றறியாமல், தட்டிலிருந்த நல்லியெலும்பை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினான். உறிஞ்சியவன் முகம் மாறியது. நாவை நீட்டினான். நாவின் நுனியில், மஜ்ஜை பூசி, மசாலா மினுங்க, மெமரி கார்டு வீற்றிருந்தது.

இருவர் கண்களும் சந்தித்தன. மேசையில் வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு கடி கடித்தால் போதும், பல்லாண்டுப் போர் முடிந்துவிடும். எலும்பு என்று துப்பிவிட்டால் கேட்பாரில்லை. காஷிஃப் அந்த அட்டையை நாவிலிருந்து எடுத்தான், தன் புதுச் சட்டையின் ஓரத்தில், வெள்ளைச் சட்டையின் ஓரத்தில், இருபுறமும் துடைத்தான், ஒருமுறை ஊதினான்.

"இந்தாங்க பாய்," என்றான். "மொதல்ல அந்த டப்பியில வையுங்க."

ஜியாவுல்லாவின் நெய்விரலுக்கு டப்பி திறக்கவே இல்லை. காஷிஃப்தான் திறந்துகொடுத்தான். மேசை முழுதும் ஆரவாரம் எழுந்தது. வெகுநேரம் காத்திருந்த வாய்கள் வேலையைத் தொடங்கின. தான் விழுங்கியது வெறும் வேகாத கறிதான் என்று தெரிந்த அதாவுல்லா சாகிப், இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னார். துப்பட்டா பின் திரைக்கு அப்பால் திரும்பிச் சென்றது.

மாலையில், மாப்பிள்ளை வீட்டுக்கு மெஹக்கை அனுப்பிவைத்துவிட்டு, இரு சகலன்களும் மனைவிமாரும் ஒரே காரில் வேலூரைக் கடந்து மேல்விஷாரம் சேர்ந்தார்கள். வழிநெடுக ஜியாவுல்லா சட்டைப் பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. காஷிஃப் அவனைக் கேலி செய்யவில்லை. மோகனா கதவைத் திறந்தாள். டேப் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. ஷஹீன் பானு தலையணைகளில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டி, முகத்தில் ஒருவித மலர்ச்சியோடு இருந்தாள். கம்பெனிச் சிம் மீண்டும் பதவியிறங்கியது. அட்டை அரியணை ஏறியது. போன் யோசித்தது, வட்டமிட்டது. பின்னர், லேசான பிரியாணி வாசத்தோடு, திறந்தது.

"பாருங்கம்மா!" என்று ஜியாவுல்லா கட்டிலோரம் மண்டியிட்டுத் திரையை அவள் முகத்துக்கு நேராய்ப் பிடித்தான்.

பார்த்தாள். உயர்ந்த கைகளின் பெருவனம் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். அந்த வனத்தின் நடுவே மலைபோல் காஷிஃபின் பின்தலை நின்றது. அதன் இடக்காதுக்கு மேலே, எப்போதாவது, மாப்பிள்ளையின் பூச்சரத்தில் கொஞ்சம் ஆடியது. "தள்ளு தம்பி, மறைக்கிது" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. "ஹலோ, தெரியுதாம்மா?" என்று காஷிஃப் சொன்னது அதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஷஹீன் பானு கடைசிவரை கண்ணிமைக்காமல் பார்த்தாள். பேரீச்சம்பழம் காஷிஃபின் தலையில் பட்டபோது சிரித்தாள்.

படம் முடிந்தது. "நல்லா இருக்குது" என்றாள். பிறகு தயக்கத்தோடு கேட்டாள்: "இதுல மெஹக் எங்க?"

நிக்காஹ் நேரம் முழுக்க மெஹக் திரைக்கு அப்பால், பெண்கள் பக்கம் இருந்தாள். மெமரி கார்டுக்கும் மேகத்துக்கும் இடையே மூண்ட பெரும்போரில், தாய் பார்க்க ஏங்கியது யாரை என்று இரு தளபதிகளில் ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை. ஜியாவுல்லா நிமிரவில்லை. காஷிஃப் தன் சட்டையின் மஞ்சள் கறையைப் பார்த்தான்.

ஷஹீன் பானு கையை நீட்டி ஜியாவுல்லாவின் தோளைத் தொட்டாள்.

"மனசு ஒடிஞ்சி போவாதீங்க தம்பி. நான் எல்லாம் கேட்டுட்டேன். மெஹக் எனக்குப் போன் போட்டு, கட் பண்ணாம, மடியில வெச்சினு இருந்தா. சாதா கால்தான், நெட்டு வேணாம். காஜியார் ஆளுங்க வந்து சம்மதம் கேட்டது, அவ கபூல்னு சொன்னது, சொன்ன ஒடனே தும்முனது, எல்லாம் இந்தக் காதுல கேட்டுது." தலையணைக்குக் கீழிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். "அழுவாதடி, மை கலையும்னு இந்த அம்பரீன் அதட்னாளே, அதுகூட."

இரு பெரும் படைகளும் ஆயுதத்தைக் கீழே வைத்தன. ஒன்று சட்டைப் பைக்குள் போயிற்று. மற்றது சார்ஜ் தீர்ந்து ஏற்கெனவே அணைந்திருந்தது. வீரர் இருவரும் கட்டிலின் இருபுறமும் தரையில் அமர்ந்தனர். அவர்களைத் தேற்றுவதற்குத் தேவர்களும் வரவில்லை, கந்தருவர்களும் வரவில்லை, விண்ணிலிருந்து ஒரு பூவும் உதிரவில்லை.

மோகனா டீ போட்டுக் கொண்டுவந்தாள், சர்க்கரை கொஞ்சம் கம்மியாக இருந்தது.